சென்னையில் ஓட ஆரம்பிப்பவருக்கு ஒரு வருஷத் திட்டம்: பிப்ரவரியில் நடை, ஜனவரியில் அரை மாரத்தான்

இணையத்தில் கிடைக்கிற ஓட்டப் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஏப்ரலில் ஆரம்பி, கோடை முழுக்கத் தூரத்தைக் கூட்டு, அக்டோபரில் போட்டிக்குப் போ என்று இருக்கும். சென்னையில் அதை அப்படியே பின்பற்றினால் தூரம் ஏற வேண்டிய வாரத்தில் அக்னி நட்சத்திரம் வந்து நிற்கும், போட்டி நெருங்கும்போது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் நம் ஊர் வெயிலையும் மழையையும் வைத்துப் போட்ட திட்டம் இது. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அது முடிந்த பிறகு, காலையில் இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருக்கிற பிப்ரவரியில் ஆரம்பித்து, அடுத்த ஜனவரியில் 21.1 கி.மீ. அரை மாரத்தானை ஓடி முடிப்பதுதான் இலக்கு.

முழு மாரத்தான், அதாவது 42.195 கி.மீ., முதல் வருஷம் வேண்டாம். மூச்சும் இதயமும் சில மாதங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் அதைவிட மெதுவாகத்தான் பலப்படும். "இப்போதெல்லாம் மூச்சே வாங்கவில்லையே" என்று உற்சாகமாகத் தூரத்தைக் கூட்டுகிற அந்த மாதங்களில்தான் முழங்காலும் குதிகாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆரம்பிக்கும் முன்

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஈசிஜி, தேவைப்பட்டால் ட்ரெட்மில் டெஸ்ட், அவர் சொல்வார். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அது "பழகினால் சரியாகிவிடும்" ரகம் இல்லை.

ஷூ ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அதற்காக இருபதாயிரம் கொடுத்து கார்பன் தகடு வைத்ததும் வாங்க வேண்டாம். ஓட்டத்துக்கென்றே செய்த சாதாரண ஷூ போதும், போன வருஷ மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது. சாயந்திரம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் லேசாக வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு மாதத்தில் நகம் கறுத்துவிடும். பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனத்துப் போய் உரசும். பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த முக்கியமான செலவு நன்றாகப் பிடித்து நிற்கிற ஸ்போர்ட்ஸ் பிரா.

படி 1: பிப்ரவரி, மார்ச். நடந்து ஓடுங்கள்

வாரம் மூன்று நாள். 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தை 2, 3, 5 நிமிடம் என்று ஏற்றி நடையை ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள். மார்ச் கடைசியில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடலாம், ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை. நடுவில் நடப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஓட்டத்துக்கு நடுவில் திட்டமிட்டு நடக்கும் முறையை உலகம் முழுக்கப் பரப்பிய ஜெஃப் கேலவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர்.

வேகம் எவ்வளவு? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றைய மேட்சைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் நீங்கள் ஓடுவது உங்கள் வேகம் இல்லை. புதியவருக்கு அது ஒரு கிலோமீட்டருக்கு 8 அல்லது 9 நிமிடமாக இருக்கலாம், மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் விறுவிறுவென்று கை வீசி நடக்கிற தாத்தா உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். இந்த மெதுவான ஓட்டம்தான் இதயத்தையும் தசைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் வளர்க்கிறது, அரை மாரத்தான் முழுக்க முழுக்க அதை வைத்துத்தான் ஓடப் போகிறீர்கள். வருஷம் முழுக்க உங்கள் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் நாய்கள். வெளிநாட்டு அட்டவணைகளில் நாயைப் பற்றி ஒரு வரி இருக்காது, நமக்கோ காலை ஐந்து மணிக்கு அதுதான் முதல் பிரச்சினை. துரத்தினால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள், நின்றுவிடுங்கள். பிறகு நாயைக் கண்ணுக்குக் கண் முறைக்காமல், முதுகையும் காட்டாமல், மெதுவாகப் பக்கவாட்டில் நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள், பெரும்பாலும் குரைத்துவிட்டு விட்டுவிடும். தெரு முனையில் திரும்பும்போது நடப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், தூங்கிக்கொண்டிருக்கிற நாய்மேல் திடீரென்று போய் நிற்பதில்தான் பாதிக் கடி. கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கீறல் என்றாலும் சரி.

தனியாக இருட்டில் ஓடத் தயங்கினால் குழுவோடு ஓடுங்கள். சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக்காரர்கள் சங்கத்துக்கு ஏரியாவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. குழுவில் உள்ள ஒரே ஆபத்து, முன்னால் ஓடுபவரோடு ஒட்டிக்கொள்ளத் தோன்றுவது.

படி 2: ஏப்ரல், மே. ஏற்றாதீர்கள், தக்கவையுங்கள்

மே மாதம் சென்னையில் 5:45க்கெல்லாம் விடிந்துவிடும், ஏழு மணிக்கு ஓட முடியாது. வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே போகும், சூடு உள்ளேயே நிற்கும். அதைத் தணிக்க இதயம் தோல் பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும், காலுக்குப் போகிற பங்கு குறையும். ஆகவே பிப்ரவரியில் ஓடிய அதே வேகத்தில் மே மாதம் இதயத் துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாகக் காட்டினால் ஃபிட்னஸ் போய்விட்டது என்று பதறாதீர்கள். வேகத்தைக் குறைத்து அதே நேரம் ஓடுங்கள். சூட்டுக்கு உடம்பு பழக சுமார் இரண்டு வாரம் பிடிக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஓடுவதற்கு முன்னும் பின்னும், ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதை ஒரே மூச்சில் வெறும் தண்ணீராகக் குடித்து ஈடுகட்ட வேண்டாம், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். உப்புப் போட்ட மோர், உப்பும் எலுமிச்சையும், அல்லது மருந்துக் கடை ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, சுவைக்காக அரை லிட்டரில் கரைக்காதீர்கள். ஓடும்போது வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, குளிர்கிற மாதிரி இருந்தாலோ அங்கேயே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வாருங்கள். பேச்சு குழறினாலோ, குழப்பமோ மயக்கமோ வந்தாலோ ஊற்றுவதை நிறுத்தாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

முதல் போட்டிக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாக்கில் பெங்களூருவில் 10கே, அதாவது 10 கி.மீ. போட்டி இருக்கிறது, 2008 முதல் நடக்கிறது, இங்கே வெந்துகொண்டிருக்கும்போது அங்கே காலை ஓட்டத்துக்கு ஏதுவாக இருக்கும். ஆனால் ஊர் 900 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நமக்கு மேடு என்றால் மேம்பாலம்தானே, தொடை பேசும்.

படி 3: ஜூன் முதல் செப்டம்பர் வரை. இதுதான் அஸ்திவாரம்

நவம்பர், டிசம்பரில் மழை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டு போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஜனவரிப் போட்டிக்கான உழைப்பில் பெரும்பகுதியை செப்டம்பருக்குள் செய்துவிட வேண்டும், இந்தத் திட்டத்தின் சூட்சுமமே அதுதான்.

வாரம் நான்கு நாளாக்குங்கள். செவ்வாய், வியாழன் 5 கி.மீ. மெதுவாக. சனி 3 கி.மீ. ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், ஜூனில் 6 கி.மீ.யில் ஆரம்பித்து வாரம் ஒரு கிலோமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் கால்பங்கு குறைத்து, செப்டம்பர் முடிவில் 14. ஜூலையில் சென்னையிலேயே ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் நடக்கும், அதில் 10 கி.மீ. பிரிவு உண்டு, முதல் பந்தயத்துக்கு அது போதும். ஆகஸ்டுக்குப் பிறகு வியாழனில் மட்டும் கொஞ்சம் வேகம் சேர்க்கலாம், 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக, ஆறு தடவை.

வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே இருபது நிமிடம் காலுக்குப் பலம். தோப்புக்கரணம் 15 வீதம் மூன்று தடவை (பிள்ளையாருக்கு முன்னால்தான் போட வேண்டும் என்றில்லை). மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, ஒவ்வொரு காலுக்கும் 15. பிளாங்க், அதாவது முழங்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது, 30 விநாடி. ஓடுபவர்கள் தள்ளிப்போடுவதில் முதலிடம் இதற்குத்தான், பிசியோதெரபிஸ்டிடம் போனால் முதலில் கொடுக்கிற வீட்டுப்பாடமும் பெரும்பாலும் இதுதான்.

வலி வந்தால்? இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால் அது உழைத்த வலி, ஒன்றிரண்டு நாளில் போகும். ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுக வலிப்பது புதியவர்களுக்கு அடிக்கடி வரும், தூரத்தை அவசரமாக ஏற்றியதன் பில் அது. அந்த எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம், டாக்டரிடம் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது, தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

படி 4: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழையோடு ஓடுவது

மழையில் நனைந்து ஓடலாம், தேங்கிய தண்ணீரில் ஓடக் கூடாது. அடியில் மூடி திறந்த சாக்கடை இருக்கலாம், எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் வரும், காலில் கொப்புளம் உடைந்திருந்தால் இன்னும் சுலபமாக. ஈரமான ஷூவை வெயில் வந்தாலும் வெயிலில் காயவைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) உருவி எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரைக்கும் திணித்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆகியிருக்கும், மாற்றித் திணியுங்கள். இரவு ஒரு தடவை மாற்றினால் காலையில் போடலாம்.

லாங் ரன் அக்டோபரில் 15, நவம்பரில் 16, 17, டிசம்பர் நடுவில் ஒரே ஒரு தடவை 18 கி.மீ. அதற்குமேல் வேண்டாம், மிச்ச மூன்றைப் போட்டியின் கூட்டமே இழுத்துக்கொண்டு போகும். புயல் வந்து ஒரு ஞாயிறு போனால் போனதுதான், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட முயலாதீர்கள். டிசம்பரில் கோவை மாரத்தான் இருக்கிறது, காலையில் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே ஒரு 10 கி.மீ. ஓடிப் பார்ப்பது நல்ல ஒத்திகை.

ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் ஓடும் நாட்களில் வழியில் சாப்பிடவும் பழகுங்கள். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும், ஒரு வாழைப்பழம் கிட்டத்தட்ட அவ்வளவு தரும், அல்லது கொட்டை நீக்கிய பேரீச்சை. கடலை மிட்டாய் ஓட்டம் முடிந்த பிறகு, அதில் உள்ள கொழுப்பு செரிக்க நேரம் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் போட்டியன்று புதிதாக முயலாதீர்கள், கழிப்பறை வரிசையில் நின்று நேரம் போகும்.

படி 5: ஜனவரி, போட்டி

கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள், முதல் வாரம் வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த வாரம் பாதிக்கும் கீழே. கால் துறுதுறு என்று இருக்கும், இல்லாத வலியெல்லாம் வரும், சகஜம்தான். பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்கப் போகிற இடத்தில் கடைகள் பளபளவென்று இருக்கும், அங்கே வாங்கிய எதையும் மறுநாள் போடாதீர்கள். பிப்பின் பின்னால் நேரத்தைக் கணக்கிடும் சிப் ஒட்டியிருந்தால் மடிக்காமல் நான்கு மூலையிலும் ஊக்குக் குத்துங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாசலின், ஆண்கள் மார்புக் காம்பில் பிளாஸ்திரி. காரணத்தைக் கேட்காதீர்கள், முடிவுக்கோட்டில் வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பார்த்தால் தெரியும்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் இருட்டிலேயே பறையும் ஸ்பீக்கருமாக இருக்கும், எல்லோரும் பாய்வார்கள். முதல் 3 கி.மீ. உங்கள் வழக்கமான வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20 விநாடி மெதுவாக ஓடுங்கள், குறித்த நேரத்தில் முடிக்கிற வேகத்தில் கொடியோடு ஓடும் பேசர்களில் நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி மெதுவானவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேசை வந்தால் முதல் மேசையில் முட்டாமல் கடைசி மேசைக்குப் போய், பேப்பர் கப்பின் வாயைக் கிள்ளி மூக்கு மாதிரி ஆக்கி அதன் வழியே இரண்டு மடக்குக் குடித்தால் புரை ஏறாது. ஆரஞ்சுச் சுளையை உப்பில் தொட்டுத் தருவார்கள், கட்டாயம் வாங்குங்கள். 16க்குமேல் வாக்குவாதம் ஆரம்பிக்கும், காலுக்கும் உங்களுக்கும். அப்போது பிப்ரவரியில் செய்த மாதிரியே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், உப்பு சேர்ந்த எதையாவது குடியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பொங்கலோ இட்லியோ, கூட முட்டையோ சுண்டலோ. மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குவீர்கள். ஒரு வாரம் ஓட்டம் இல்லை, நடை மட்டும். அந்த வாரத்தில் ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஆப்பில் பாருங்கள், பொதுவாக 500க்கும் 800க்கும் நடுவில் அதன் ஆயுள் முடியும், அதற்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகலாம்.