கைக்கடிகாரத்தை நெருங்கிப் படமெடுப்பது எப்படி? முதன்முறை முயல்பவர்களுக்கு

நான் எடுத்த முதல் வாட்ச் படத்தில் ஜன்னல் இருந்தது, டியூப் லைட் இருந்தது, கேமராவைப் பிடித்திருந்த என் விரல்களும் இருந்தன. டயல் மட்டும் எங்கோ அடியில் மங்கலாகக் கிடந்தது.

மெருகேற்றிய ஸ்டீலும் மேலே ஒரு கண்ணாடியும் சேர்ந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். எதிரே எது இருக்கிறதோ அதைக் காட்டும். அதனால் வாட்சைப் படமெடுக்கும்போது பாதி வேலை, வாட்சுக்கு எதிரே எதை வைப்பது என்று தீர்மானிப்பதுதான். கேமரா அமைப்புகளை அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். இதற்குத்தான் நாளாகும்.

என்ன வேண்டும்?

மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளவை வசதி; வாட்சிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கலாம், இடையில் விளக்குக்கும் இடம் இருக்கும். ஆனால் '1:1 எடுக்க முடியாதே' என்று கவலைப்பட வேண்டாம். 1:1 என்றால் பொருள் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் (கேமராவில் படம் பதியும் சில்லு) விழுவது; 1:2 என்றால் பாதி அளவில். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. 40 மி.மீ. அகல வாட்ச் 1:1-இல் அதற்குள் அடங்கவே அடங்காது. முழு வாட்சுக்கு 1:2 போதும். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் வெற்று வளையம்) போட்டாலே அந்த அளவு கிடைத்துவிடும்.

போன்தான் இருக்கிறதா? அதன் மேக்ரோ மோடை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அது அல்ட்ரா வைட் லென்ஸில் இயங்குகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும். போனின் நிழல் டயலில் விழும், வாட்சும் உப்பிய பூரி மாதிரி தெரியும். 2x அல்லது 3x லென்ஸுக்கு மாறி, பின்னால் தள்ளி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள்.

இவை தவிர ஒரு டிரைபாட், ஒரு மேசை விளக்கு, டிரேசிங் பேப்பர், கறுப்பு அட்டை, வெள்ளை அட்டை. அவ்வளவுதான்.

படி 1: துடைப்பது

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. கையில் கட்டியிருக்கும்போது பளபளவென்று தெரியும் வாட்ச், நெருங்கிப் பார்த்தால் மாவு மில்லில் இருந்து வந்தது போல இருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடியையும் ஸ்டீலையும் துடையுங்கள். செயின் இடுக்குகளுக்கு மென்மையான பிரஷ். கடைசியாக ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும். அதன்பின் விளிம்பைத் துணியோடு மட்டுமே தொடுங்கள். இங்கே செலவழிக்கும் ஐந்து நிமிடம், எடிட்டிங்கில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 2: முள்ளை நிறுத்துவது

விளம்பரங்களில் வாட்சுகள் 10:10-ஐ ஒட்டியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 12-க்குக் கீழே பிராண்ட் பெயர் இருக்கும். இரண்டு முட்களும் அதை மறைக்காமல் இருபுறமும் விரிந்து நிற்கும். 3-இல் உள்ள தேதிக் கட்டமும் திறந்திருக்கும். நான் 10:09-இல் வைக்கிறேன். நொடி முள் 35-ஐ ஒட்டி இருந்தால் மூன்றும் மூன்று திசையில் அழகாகப் பிரியும். உள்ளே குட்டி டயல்கள் இருக்கும் குரோனோகிராஃப் என்றால் அவை மறையாதபடி கொஞ்சம் முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வாட்சுகளில், நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகை வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். ஆனால் இழுத்த திருகு படத்தில் துருத்திக்கொண்டு தெரியும். சாவி கொடுக்கும் வாட்ச் என்றால், அது தானாக ஓய்ந்து நிற்கும்வரை விட்டு, நேரத்தை வைத்து, திருகை உள்ளே தள்ளிவிடலாம். பேட்டரி வாட்சில், திருகை இழுத்த நிலையில் எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டு, கடைசியாக உள்ளே தள்ளி ஒரு படம் எடுங்கள். திருகுப் பகுதியை மட்டும் அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம்.

படி 3: உட்கார வைப்பது

ஸ்ட்ராப்புக்குள் சுருட்டிய காகிதத்தைச் செருகி, மணிக்கட்டில் கட்டியது போல வளைவு கொடுங்கள். வாட்சுக்கு அடியில் ஒரு உருண்டை களிமண். கேமராவுக்குத் தெரியாத வரை எதை முட்டுக்கொடுத்தாலும் சரி.

படி 4: வெளிச்சம்

அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள். திரையை இழுத்துவிடுங்கள். இனி ஒரே ஒரு விளக்கு.

முதலில் கண்ணாடி. கேமரா நேர் மேலிருந்து பார்த்தால், கண்ணாடியில் கேமராவே தெரியும். ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, லென்ஸில் மாட்டுங்கள். இப்போது கண்ணாடிக்குத் தெரிவது வெறும் கறுப்பு. கண்ணாடி இருப்பதே தெரியாமல் போய் டயல் பளிச்சென்று மேலே வரும். முதல்முறை இதைச் செய்தபோது யாரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அடுத்தது ஸ்டீல். இதற்கு நேர்மாறாக வெள்ளை வேண்டும். வாட்சின் ஒரு பக்கம் டிரேசிங் பேப்பரைச் சுவர் போல வளைத்து நிறுத்தி, அதற்குப் பின்னால் ஓரடி தள்ளி விளக்கை வையுங்கள். விளக்கை நேராகக் காட்டினால் ஸ்டீலில் ஒரு சுடும் புள்ளி விழும். பேப்பர் வழியாக வந்தால் விளிம்பு முழுக்க மென்மையாக ஒளி ஓடும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. இடையில் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையை நிறுத்திப் பாருங்கள். ஸ்டீலில் கறுப்புக் கோடு விழுந்து, உலோகம் உலோகமாகத் தெரியும். எல்லாமே வெள்ளையாக இருந்தால் ஸ்டீல், பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு சிக்கல் முளைத்திருக்கும்: முட்கள் கறுத்துப்போயிருக்கும். அவையும் மெருகேற்றிய உலோகம், கண்ணாடியைப் போலவே மேலே பார்ப்பவை. கறுப்பு அட்டையைத்தான் காட்டுகின்றன. லென்ஸின் ஓரமாக, விசிட்டிங் கார்டு அளவு வெள்ளை அட்டையை மெல்ல நீட்டுங்கள். ஒரு கோணத்தில் முட்கள் சட்டென்று வெள்ளியாக ஒளிரும். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத்தான் திருப்பும், முள்ளோ பெரும்பகுதியைத் திருப்பிவிடும். அதனால் முள் ஒளிர்ந்தாலும் கண்ணாடியில் லேசான மங்கலோடு போய்விடும். இந்த அட்டையை அரை அங்குலம் நகர்த்துவதில்தான் என் மாலைப்பொழுதுகள் கழிகின்றன.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரை நம்பி இறங்காதீர்கள். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது அது உதவும். நேராகப் பார்த்தால் பயனில்லை. ஸ்டீலின் பிரதிபலிப்பையும் அது குறைக்காது. டிஜிட்டல் வாட்ச் என்றால் இன்னொரு வேடிக்கை: எல்சிடி திரையிலேயே போலரைசர் இருப்பதால், ஃபில்டரைச் சுழற்றும்போது ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடும். வாட்ச் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

படி 5: கேமரா

ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ரா ஃபார்மட் (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஒரே அளவில். இரண்டு நொடி டைமர் வையுங்கள், பட்டனை அழுத்தும் அதிர்வே படத்தைக் கெடுக்கும். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, எஃப் 8 அல்லது 11; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 'எஃப் 22 வைத்தால் எல்லாம் தெளிவாகுமே' என்று தோன்றும். ஆகாது. நெருங்க நெருங்க உண்மையான அபெர்ச்சர் இன்னும் சுருங்குகிறது. 1:1-இல் எஃப் 11 என்பது எஃப் 22 போல நடந்துகொள்ளும். அதற்கும் மேலே போனால் ஒளி சிதறி, மொத்தப் படமும் மெழுகு பூசியது போலாகும்.

படி 6: ஃபோகஸ்

ஆட்டோ வேண்டாம். கேமரா திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி, பிராண்ட் எழுத்துகளில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8-இல் 1:2 என்றால் சுமார் 3 மி.மீ. ஆழம் தெளிவாக விழும். நேராக எடுக்கும் டயலுக்கு அது போதும். 1:1-இல் அது ஒரு மில்லிமீட்டர்தான். முள் தெளிவாக இருந்தால் டயல் கலங்கும்.

சாய்வாகவோ இன்னும் நெருங்கியோ எடுக்க வேண்டுமானால் ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான், அதாவது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதுதான் வழி. கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் விளிம்பில் தொடங்கி, ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுங்கள். ஃபோட்டோஷாப், ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் என எந்த மென்பொருளானாலும் தெளிவான பகுதிகளை மட்டும் எடுத்து ஒன்றாக்கித் தரும். முள்ளை நிறுத்தியது இதற்காகத்தான். ஓடும் வாட்சை இப்படி எடுத்தால், பெரிய முள் ஒரு நிமிடத்துக்கு 6 டிகிரி நகர்ந்து, இரண்டு முட்களாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

படி 7: எடிட்டிங்

மிச்சமிருக்கும் தூசியை எடிட்டிங் மென்பொருளின் ஹீலிங் பிரஷ்ஷால் எடுங்கள். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலம் வரிசையாகப் போனால் எதுவும் தப்பாது. கான்ட்ராஸ்ட் கொஞ்சம். டயலின் நிறத்தை மாற்றாதீர்கள், வாட்ச்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் நேரத்தைச் சரிசெய்து திருகை உள்ளே தள்ளுங்கள். நான் ஒருமுறை அப்படியே கட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினேன். வழியில் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் 10:09. நிறைய நேரம் இருக்கிறது என்று காபி குடித்துக்கொண்டிருந்தேன்.