வெளிநாட்டுத் தெருவில் நிதி திரட்டும் வேலை: சேரும் முன்பும், நடைபாதையில் இறங்கிய பின்பும்

ஆஸ்திரேலியா, பிரிட்டன் நகரங்களின் கடைத்தெருக்களில் தொண்டு நிறுவன டி-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டுமாக நின்று கை அசைக்கும் இளைஞர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் இல்லை. ஊர் சுற்ற வந்த இடத்தில் அடுத்த பயணத்துக்குக் காசு சேர்க்கிறவர்கள். இந்த வேலைக்கு முன் அனுபவம் கேட்பதில்லை. விண்ணப்பித்த வாரமே சேர்ந்துவிடலாம். வந்த வேகத்திலேயே போகவும் செய்யும். நன்கொடையாளர்களைப் பதிவு செய்ய முடியாத ஆளைப் பல இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது உண்டியல் குலுக்கும் வேலை இல்லை. பெரும்பாலும் ரொக்கத்தைக் கையால் தொடவே கூடாது. வழிப்போக்கரிடம் பேசி, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தோ கார்டிலிருந்தோ மாதாமாதம் ஒரு தொகை தானாகப் போகும்படி பதிவு செய்ய வேண்டும். 1990களில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக முயன்று பார்த்த முறை இது. பிறகு உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பதிவுக்கும் தொண்டு நிறுவனம், உங்களை வேலைக்கு எடுக்கும் ஏஜென்சிக்குக் கட்டணம் தருகிறது. நன்கொடையாளர் பல மாதம் தொடர்ந்து கொடுத்தால்தான் அந்தக் கட்டணமே திரும்பி வரும். இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிற பதிவு எல்லோருக்கும் நஷ்டம். இந்த வேலையின் விதிகள், சம்பளம், சண்டை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் விசா

சுற்றுலா விசாவில் இந்த வேலையைச் செய்ய முடியாது. "தொண்டுக்காகத்தானே" என்ற சமாதானம் செல்லாது. சம்பளம் வாங்கினால் அது வேலைதான்.

ஆஸ்திரேலியாவுக்கு 462 என்ற வொர்க் அண்ட் ஹாலிடே விசா இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு 2024-இல் திறந்தது. வயது 18 முதல் 30, ஆண்டுக்கு 1,000 இடம், தேர்வு குலுக்கல் முறையில். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கும் இதே விசா உண்டு. இதில் வருகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இரண்டாவது விசாவுக்குக் காட்ட வேண்டிய 'ஸ்பெசிஃபைடு வொர்க்' கணக்கில் தெருவில் நிதி திரட்டியது சேராது; அதற்குப் பண்ணை போன்ற வேலைக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். மாணவர் விசா என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

பிரிட்டனில் இந்தியர்களுக்கு யங் புரொஃபெஷனல்ஸ் என்ற விசா திட்டம் உண்டு. அதுவும் குலுக்கல்தான், பட்டப்படிப்பு வேண்டும். அங்கே மாணவராக இருப்பவர்களுக்கு ஒரு கண்ணி: மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, செல்ஃப் எம்ப்ளாய்டு" என்று சொல்லிக் கமிஷன் மட்டும் தருகிற ஏஜென்சியில் சேர்ந்தால், வாரத்துக்கு ஐந்தே மணி நேரம் நின்றாலும் விசா நிபந்தனை மீறல்தான்.

சம்பளத்தைக் கேட்கும் முறை

விளம்பரத்தில் "வாரம் இவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று இருந்தால் அது சம்பளம் இல்லை, ஆசை. நேர்காணலிலேயே கேளுங்கள்: மணிக்கு நிலையான சம்பளம் எவ்வளவு? அதற்கு மேல் போனஸ் எந்தப் பதிவிலிருந்து தொடங்கும்? நன்கொடையாளர் நிறுத்திவிட்டால் போனஸைத் திரும்பப் பிடிப்பீர்களா, எத்தனை மாதம் வரை? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்வதும் அதனால்தான்.

ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 அன்று தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. நிரந்தரமில்லாத கேஷுவல் ஊழியராக எடுத்தால் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் 25 சதவீதம். ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண் எடுத்து 'கான்ட்ராக்டராக' வரச் சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன சட்டை போட வேண்டும், என்ன பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்கிறார்கள் என்றால் நீங்கள் பெரும்பாலும் ஊழியர்தான். ஊழியரைக் கான்ட்ராக்டர் என்று எழுதிக்கொள்வது அங்கே சட்டவிரோதம். கட்டாயப் பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு. சம்பளப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகக் கேட்கலாம். 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் சேவையை அழைத்துத் தமிழில் பேசவும் முடியும்.

டிஎஃப்என் என்ற வரி எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வரித் துறையில் பதிவு செய்த முதலாளியிடம் வேலை செய்யும் 462 விசாக்காரருக்கு முதல் 45,000 டாலர் வரை 15 சதவீத வரி. எண்ணைத் தராவிட்டால் 45 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

சேரும் முன் தொண்டு நிறுவனத்தையும் சரிபாருங்கள். ஆஸ்திரேலியாவில் தொண்டு நிறுவனங்களுக்கான ஏசிஎன்சி பதிவேடு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாரிட்டி கமிஷன் பதிவேடு இரண்டும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. அதில் பெயர் இல்லாத 'அறக்கட்டளை'க்காக நின்றால் போலீஸ் முதலில் விசாரிக்கப்போவது தெருவில் நிற்கிற உங்களைத்தான்.

ஊர் ஊராகப் போகிற 'ரோட் ட்ரிப்' குழுக்கள் பயணிகளுக்குப் பிடித்தமானவை. தங்குமிடமும் காரும் ஏஜென்சி தரும். வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, காருக்கு இன்ஷூரன்ஸ் யார் பெயரில், நடுவில் வேலை போனால் திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போவது சாதாரணம்.

நடைபாதையில்

பையில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், பவர் பேங்க், மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை. ஷூ தேய்ந்ததாக இருந்தால் மூன்றாவது நாள் குதிகால் சொல்லும். கருப்புக் கண்ணாடி வேண்டாம். கண்ணை மறைத்திருக்கிற ஆளிடம் யாரும் நிற்பதில்லை.

நிற்கும் இடம் பாதி வேலையை முடித்துவிடும். நடக்கிற கூட்டத்தின் நடுவில் நின்றால் எல்லோரும் வளைந்து போவார்கள். ஓரமாக, வருகிறவருக்குச் சற்றே சாய்வாக, உடலைத் திறந்து நில்லுங்கள். கூட வேலை செய்கிறவர் பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசிக்கொண்டு நின்றால் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று எழும்பிவிடும். பிரிட்டனில் நெடுங்காலமாகப் பழகிவந்த வரையறையை எந்த நாட்டிலும் வைத்துக்கொள்ளலாம்: மறுத்தவரோடு மூன்று காலடிக்கு மேல் நடக்கக் கூடாது, கடை வாசல், ஏடிஎம், சாலை கடக்கும் இடம், ரயில் நிலைய வாசல் ஆகியவற்றிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், உட்கார்ந்திருப்பவரையும் பணியில் இருப்பவரையும் அணுகக் கூடாது.

"ஹேவ் யூ காட் எ மினிட்?" என்பது எல்லோரும் கேட்கிற மோசமான கேள்வி. "நோ" என்ற பதில் கேட்பதற்கு முன்பே தயாராக இருக்கும். ஐந்தாறு மீட்டர் தொலைவில் கண்ணைப் பார்த்துக் கை அசைத்து, அவரிடம் இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்: பையில் ஒட்டியிருக்கும் பேட்ஜ், மழையில் நனைந்த குடை, இழுத்துக்கொண்டு போகிற நாய். நின்றுவிட்டால் உடனே யார், எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்தால் ஏமாற்று வாடை அடிக்கும்.

பிறகு மூன்று வாக்கியம் போதும். பிரச்சினை என்ன, நிறுவனம் அதில் என்ன செய்கிறது, அவரிடம் என்ன கேட்கிறீர்கள். "மாதாமாதம்" என்ற சொல்லைக் கடைசி வரை ஒளித்து வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பத்து நிமிடம் உருகிப் பேசிவிட்டு வங்கி எண் கேட்கும்போது, "ஒரு தடவை கொடுக்கத்தானே கேட்டீர்கள்?" என்று அவர் நகர்ந்துவிடுவார். முதல் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஒரு தடவைதான் கொடுப்பேன் என்கிறவரிடம் இணையதள முகவரியைத் தந்து சிரித்து அனுப்புங்கள். கெஞ்சி வாங்கிய பதிவு, வீடு போய்ச் சேர்வதற்குள் ரத்தாகும்.

எண்ணிக்கையை முன்பே தெரிந்துகொண்டால் மனம் உடையாது. நாளெல்லாம் நூறு, இருநூறு பேரைக் கூப்பிட்டு, பத்துப் பதினைந்து பேர் நின்று கேட்டு, இரண்டு பேர் பதிவு செய்தால் பல குழுக்களில் அது நல்ல நாள். மதியம் மூன்று மணிக்குப் பூஜ்யமாக இருப்பது இயல்பு. அப்போது குரல் தானாக உயரும், ஆள் பின்னாலேயே நடக்கத் தோன்றும். புகார் வருவது அந்த நேரத்தில்தான். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

படிவத்தில் கவனம்

டேப்லெட்டில் தட்டும்போதுதான் அதிகம் கெடுகிறது. பிரிட்டனில் வங்கிக் கிளையைக் குறிக்கும் சார்ட் கோடு ஆறு இலக்கம், கணக்கு எண் எட்டு. ஆஸ்திரேலியாவில் கிளையைக் குறிக்கும் பிஎஸ்பி எண் ஆறு இலக்கம். ஒரு இலக்கம் தவறினால் பணம் வராது, உங்கள் போனஸும் வராது. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' காதில் ஒன்றுபோல் விழும்; "ஒன் ஃபைவ்" என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் பி, வி, டி எழுத்துகள் குழம்பும். 'பிராவோ, விக்டர், டெல்டா' முறையைப் பழகிக்கொண்டு, திரையை அவர் பக்கம் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் தொகை, முதலில் பணம் எடுக்கப்படும் தேதி, நிறுத்தும் வழி மூன்றையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். பிறகு வருகிற சரிபார்ப்பு அழைப்பில் அவர் "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்றால் பதிவு விழுந்துவிடும்.

குடித்திருப்பவர், குழம்பிப் பேசும் முதியவர், மொழி புரியாமல் தலையாட்டுகிறவர், 18 வயது ஆகாதவர் இவர்களைப் பதிவு செய்யக் கூடாது. அவர்களே வற்புறுத்தினாலும் கூடாது. இலக்குக்கு ஒன்று குறையும்போது டீம் லீடர் கண்டுகொள்ளாமல் விடலாம். புகார் வந்தால் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர்.

வேலையை விடும்போது அடையாள அட்டையையும் டேப்லெட்டையும் ஒப்படைத்ததற்கு ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சம்பளத்தில் இழுபறி வரும். ஆஸ்திரேலியா என்றால் முதலாளி உங்கள் பெயரில் கட்டிய சூப்பர் என்ற ஓய்வூதியச் சேமிப்புத் தொகையை, நாட்டை விட்டு வெளியேறி விசாவும் முடிந்த பிறகு கேட்டு வாங்கலாம். 462 விசாவில் இருந்தவருக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போகும். மிச்சத்தை அனுப்பக் கணக்கு விவரம் கேட்பார்கள் என்பதால், அங்கே திறந்த வங்கிக் கணக்கை விமானம் ஏறும் முன் அவசரப்பட்டு மூட வேண்டாம்.