மாதச் சந்தாவில் சார்ஜ்பேக் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ராகி மாவு, சாமை, புளி என்று மாதாமாதம் பெட்டி கட்டி அனுப்பி, ஆட்டோ டெபிட்டில் பணம் வாங்குபவர்களுக்கான குறிப்பு இது. வாடிக்கையாளர் உங்களைக் கேட்காமல் நேரே வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் சார்ஜ்பேக். தொகை போவதோடு கேட்வே (வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி உங்களுக்குத் தரும் நிறுவனம்) தனிக் கட்டணமும் போடலாம். இவற்றில் பலவும் மோசடி அல்ல, மறதியும் குழப்பமும்தான்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். கடைப் பெயர் ஒன்று, ஸ்டேட்மென்ட்டில் வருவது 'எண்டர்பிரைசஸ்' என்று முடியும் இன்னொன்று என்றால், பெங்களூரில் இருப்பவர் "யாரிது?" என்றுதான் கேட்பார். உங்கள் கார்டிலேயே ஒரு ரூபாய் கட்டி, எந்தப் பெயர் வருகிறதென்று பாருங்கள். 22 எழுத்துக்குள் கடைப் பெயர் அடங்கும்படி கேட்வேயில் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, பணம் கட்டும் பட்டனுக்குப் பக்கத்திலேயே தொகை, தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் காட்டுங்கள். ஒப்புக்கொள்கிறேன் என்ற டிக்கை வாடிக்கையாளரே போடட்டும். அவர் ஒப்புக்கொண்ட நேரம், ஐபி முகவரி (அவர் இணையத்தில் வந்த இணைப்பின் எண்) இரண்டையும் சேமித்து வையுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு ஆட்டோ டெபிட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். அதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று நாள் முன்பே நீங்களும் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். இந்த மாதப் பெட்டியில் என்ன வருகிறது, எவ்வளவு பிடிப்போம், வேண்டாமென்றால் எங்கே அழுத்துவது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஆண்டுச் சந்தாவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், ஏனென்றால் போன வருடம் சேர்ந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பலர் சறுக்குவது கேன்சலில்தான். தளத்தில் "ரத்தானது" என்று காட்டும். கேட்வேயில் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த மாதமும் பணம் பிடிக்கும். விசா கார்டு சார்ஜ்பேக்கில் இதற்கென்றே 13.2 என்ற காரணக் குறியீடு இருக்கிறது. ரத்துச் செய்த சந்தாவில் பணம் பிடித்திருந்தால் வாதாட எதுவும் மிஞ்சாது. ரத்துக் கோரிக்கை வந்ததும் கேட்வே டாஷ்போர்டில் சந்தா உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். பிறகு தேதியோடு உறுதிச் செய்தி அனுப்புங்கள். பெட்டி கூரியரில் ஏறியபின் ரத்துக் கேட்டால், அந்த மாதத் தொகையை என்ன செய்வீர்கள் என்பதை முன்பே எழுதி வைத்திருங்கள்.

புகார் உங்களிடம் வந்தால் அன்றைக்கே ரீஃபண்ட் போட்டு, அதன் ஏஆர்என் எண்ணையும் (ரீஃபண்டை வங்கியில் தேடிக் கண்டுபிடிக்க உதவும் குறிப்பு எண்) கொடுங்கள்; வங்கியில் கேட்க அவருக்கு அது உதவும். ஆனால் சார்ஜ்பேக் பதிவாகிவிட்டால் தனியாக ரீஃபண்ட் போடாதீர்கள், பணம் இருமுறை போகும். டெலிவரி சான்று, ஒப்புதல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் கேட்வே சொன்ன கெடுவுக்குள் ஏற்றுங்கள். கெடு தாண்டினால், சான்று கையில் இருந்தும் வழக்கு உங்களுக்கு எதிராகவே முடியும்.