சத்தம் அமுங்கிய அம்ப் ஹெட்: என் அனுபவம்
பன்டேரா இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டைம்பேக் டாரல் ரேண்டால் நிறுவன ஹெட்டில் (ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் அம்ப்ளிஃபயர் பெட்டி) எடுத்த இறுக்கமான மெட்டல் தொனிக்கு ஆசைப்பட்டு, பழைய சொலிட் ஸ்டேட் (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் இயங்கும்) ஹெட் ஒன்று வாங்கினேன். திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளி வீட்டில் வாசித்தால் சத்தம் திடீரென்று அமுங்கிவிடும். கேபிள், பெடல், ஸ்பீக்கர் கேபினட் எல்லாம் மாற்றியும் அதே கதை.

ஒன்றைக் கவனித்தேன்: தந்திகளை ஓங்கி அடித்தால் சத்தம் சட்டென்று திரும்பும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். அப்புறம்தான் பின்பக்க எஃபெக்ட்ஸ் லூப்பில் (வெளி எஃபெக்ட் கருவிகளைச் செருகும் இடம்) சிக்னல் வெளியே போகும் சென்ட், திரும்பி வரும் ரிட்டர்ன் ஜாக்குகள் இரண்டையும் பாட்ச் கேபிள் எனும் சின்னக் கேபிளால் இணைத்தேன். சத்தம் நிலைத்தது! லூப்பில் எதுவும் செருகாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளேயிருக்கும் சிறிய தொடுமுனை வழியாகத்தான் போகும். கடற்காற்றில் அது கறுத்திருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைத் திரும்பத் திரும்பச் செருகி எடுத்தேன். அப்பாடா, சரியாகிவிட்டது. பழைய ஹெட் பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு பாட்ச் கேபிள் கொண்டுபோங்கள்.