ஏல நேரத்தில் உறைந்த திரை: என் அனுபவம்

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருக்கு, தராசிலிருந்து எடையைப் படித்து பில் போடும் செயலியை க்யூட்டியில் (Qt, திரைச் செயலிகள் எழுத உதவும் கருவித்தொகுப்பு) எழுதிக் கொடுத்தேன். விடியற்காலை ஏலத்தில், "தம்பி, தராசில் எண் ஓடுகிறது, கம்ப்யூட்டர் அசையவில்லையே" என்றார். திரை வெளுத்து நின்றது. தராசு இணையும் சீரியல் போர்ட்டில் எடை வரக் காத்திருக்கும் வேலையை, திரையை இயக்கும் முதன்மை இழையிலேயே (thread) வைத்திருந்தேன்.

தனி இழை அமைத்து, அதிலிருந்தே திரையில் எடையைக் காட்டும் லேபிளை மாற்றினேன். என் லினக்ஸ் மடிக்கணினியில் ஓடியது. கடையின் விண்டோஸில் செயலி முறிந்து விழுந்தது. லினக்ஸில் ஓடியது வெறும் தற்செயல். லேபிள் போன்ற திரை உறுப்புகளான விட்ஜெட்டுகளை முதன்மை இழை மட்டுமே தொட வேண்டும். இயங்குதளம் எதுவானாலும் விதி இதுதான்.

எடையைப் படிக்கும் பொருளை (object) மூவ்டூத்ரெட் (moveToThread) என்ற கட்டளை கொண்டு தனி இழைக்கு அனுப்பி, எடையைச் சிக்னலாக, அதாவது மற்றப் பொருள்களுக்கான அறிவிப்பாக, வெளியிட்டேன். பெறும் பொருள் வேறு இழையில் இருந்தால், க்யூட்டி அந்தச் சிக்னலை வரிசையில் போட்டு அந்த இழையிடமே சேர்க்கிறது. போர்ட்டைக் கன்ஸ்ட்ரக்டரில் (பொருள் உருவாகும்போதே ஓடும் பகுதி) திறக்கக் கூடாது, இழை தொடங்கிய பின்பே திறக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது! செயலியை மூடும்போது, இழையை நிறுத்தச் சொல்ல க்விட் (quit), அடுத்து அது முடியும்வரை காத்திருக்க வெயிட் (wait).

மறுநாள் வஞ்சிரக் கூடை தராசில் ஏறியது. கூடை ஆடி அடங்கும்வரை திரையின் எண்ணும் கூடவே ஆடி அடங்கியது.