நான்கு இரும்புக் கம்பிகளால் நிலத்தடியை அளப்பது: நிலாவெளி வளவில் செய்து பார்த்த முறை

போன வருடம் ஆவணியில் திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளியில் மாமாவின் வளவில் குழாய்க்கிணறு அடித்தார்கள். இடத்தை அளந்து குறித்துக் கொடுத்தவன் நான். 40 அடி இறக்கித் தண்ணீர் வந்ததும் மாமி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது தேத்தண்ணிக்கும் ஆகாது பிள்ளை" என்றார். நான் அளந்த எண்களில் பிழை இல்லை. அவற்றை வாசித்த விதம்தான் பிழை. அதே வளவில், அதே எண்களை வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை நல்ல தண்ணீர் எடுத்தோம். அந்த வாசிப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

ஏன் மின்தடை முறை?

நிலத்தைத் தோண்டாமல் உள்ளே பார்க்கப் பல வழிகள் உண்டு. தரை ஊடுருவும் ரேடார் காய்ந்த மணலில் அழகாக வேலை செய்யும், ஆனால் உப்புத் தண்ணீரோ களியோ வந்த இடத்தில் அலை செத்துப்போகும். சம்மட்டியால் இரும்புத் தகட்டில் அடித்து அதிர்வு வரும் நேரத்தை அளக்கும் முறை, பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நல்லது. காய்ந்த மணலில் அதிர்வு செக்கனுக்குச் சில நூறு மீற்றர்தான் ஓடும், நீர் நிரம்பிய மணலில் 1500 மீற்றரைத் தாண்டும், உறுதியான கருங்கல்லில் 4000க்கு மேல் போகும். ஆனால் தண்ணீர் நன்னீரா உப்பா என்று அது சொல்லாது. கரையோரத்தில் நமக்கு வேண்டியதே அந்தப் பதில். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தால் உப்பு தெரிய வரும், உப்பு கூடினால் தடை குறையும். மண்ணின் அந்தத் தடுக்கும் அளவுக்குத் தடைத்திறன் என்று பெயர். அதனால் தடைத்திறன் முறையைத்தான் தொடக்கக்காரருக்குச் சொல்வேன்.

சாமான்கள்

ஒன்றரை அடி நீளத்தில் நான்கு துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, இரண்டு மல்ரிமீற்றர், சுத்தியல், நான்கு நிறத்தில் வயர், ஆளி ஒன்று, தண்ணீர் வாளி. கட்டடக் கம்பியும் ஓடும், ஆனால் துரு ஏறினால் எண் ஆடும், எனக்குப் பிடிக்காது. அளவுநாடா பிளாஸ்ரிக்கில் இருக்கட்டும். இரும்பு நாடாவை ஈரத் தரையில் விரித்தால் மின்சாரம் அதன் வழியாகவும் போகும்.

மின்சாரத்துக்கு ஆறு சிறிய 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்தேன், 72 வோல்ற். ஒரு பற்றரி போதும் என்று சொல்பவர்கள் கோடை மணலில் அளந்து பார்க்காதவர்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். 72 வோல்ற்றும் ஈரக் காலுக்கு விளையாட்டல்ல. கையுறை போடுங்கள், ஆளியைப் போடுமுன் சத்தமாகச் சொல்லுங்கள், பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. போர்க்காலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த காணி என்றால், ஊரவரிடம் விசாரித்து, வெடிபொருள் அகற்றிய இடம் என்று உறுதியாகாமல் தரையில் இரும்பை அறையாதீர்கள்.

கம்பி நடுவது

ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நான்கு கம்பிகள். வெளி இரண்டின் வழியாக மின்னோட்டம் போகும், அதை ஒரு மீற்றர் மில்லியம்பியரில் காட்டும். உள் இரண்டுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தை மற்ற மீற்றர் மில்லிவோல்ற்றில் காட்டும். இதற்கு வென்னர் ஒழுங்கு என்று பெயர். சிலம்பேர்ஜர் என்ற இன்னோர் ஒழுங்கில் உள் கம்பிகளை அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை, வேலை குறைவு. ஆனால் முதல்முறை செய்பவருக்கு வென்னர்தான் நல்லது: கணக்கு எளிது, உள் கம்பிகளில் வரும் அழுத்தமும் பெரிது.

தடைத்திறன் = 6.28 × இடைவெளி × (அழுத்த வித்தியாசம் ÷ மின்னோட்டம்)

இடைவெளி 10 மீற்றர், அழுத்தம் 95 மில்லிவோல்ற், மின்னோட்டம் 50 மில்லியம்பியர் என்றால் 6.28 × 10 × 1.9, அதாவது ஏறத்தாழ 119 ஓம்-மீற்றர்.

இடைவெளியை 1, 2, 4, 8, 16 மீற்றர் என்று கூட்டிக்கொண்டே போனால் பார்வை ஆழமாகும். பார்க்கும் ஆழம் ஏறத்தாழ இடைவெளியின் பாதி. 16 மீற்றர் இடைவெளிக்கு 48 மீற்றர் நீளக் கோடு வேண்டும், ஆனால் கிடைப்பதோ 8 மீற்றர் ஆழம். சிறிய வளவில் ஆழமாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கம்பியை இடைவெளியின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறக்காதீர்கள். 1 மீற்றர் இடைவெளிக்கு 5 சென்ரிமீற்றர் போதும். இறுக்கமாக நிற்க வேண்டும் என்று ஒரு அடி அறைந்தால், புள்ளி என்று கணக்கில் எடுத்தது தூணாகிவிடும்.

காய்ந்த மணலும் ஆடும் எண்களும்

ஆவணியில் நிலாவெளி மேல்மணலில் என் முதல் அளவீட்டில் மின்னோட்டம் 1 மில்லியம்பியரைக்கூடத் தொடவில்லை. மணல் அவ்வளவு காய்ந்து கிடந்தது. செய்ய வேண்டியது இது: மேலே உள்ள காய்ந்த மணலை ஒரு சாண் ஒதுக்கி, வெளிக் கம்பிகளின் அடியில் மட்டும் ஒரு குவளை உப்புத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். போதாவிட்டால் ஒவ்வொரு வெளி முனையிலும் கோட்டுக்குக் குறுக்காக மூன்று கம்பிகளைச் சாண் இடைவெளியில் அறைந்து ஒன்றாக இணையுங்கள். 1, 2 மீற்றர் இடைவெளிகளில் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டாம். ஈரம் பரவினால் நீங்கள் ஊற்றிய உப்பையே நீங்கள் அளப்பீர்கள்.

அடுத்தது, நிலத்துக்குத் தானாகவே ஒரு அழுத்தம் உண்டு. ஆளி போடாமலே மீற்றரில் சில மில்லிவோல்ற் தெரியும். ஒவ்வோர் அளவையும் பற்றரி முனைகளை மாற்றி இரண்டு தடவை எடுங்கள். ஒரு பக்கம் 23.4, மறுபக்கம் கழித்தல் 13.4 வந்தால், இரண்டின் வித்தியாசமான 36.8இன் பாதி, 18.4 தான் உண்மையான அழுத்தம். இதைச் செய்யாமல் எடுத்த அளவீட்டை நான் நம்ப மாட்டேன்.

எண்களை வாசிப்பது

மாமாவின் வளவில் எனக்குக் கிடைத்தவை: 1 மீற்றர் இடைவெளியில் 1300 ஓம்-மீற்றர், 2இல் 950, 4இல் 330, 8இல் 70, 16இல் 14. தடைத்திறன் குறையக் குறையத் தண்ணீர் கூடும் என்று நான் படித்திருந்தேன். 14 என்ற எண்ணைக் கண்டதும் கீழே தண்ணீர் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டினேன். தண்ணீர் இருக்கத்தான் செய்தது, கடல் தண்ணீர்.

குறைந்த எண் "இங்கே மின்சாரம் இலகுவாகப் போகிறது" என்று மட்டுமே சொல்கிறது. நன்னீர் மணல், களி, உப்புநீர் மணல் மூன்றும் காய்ந்த மணலைவிடக் குறைவுதான். எது என்று தீர்மானிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருந்தது.

பேனா மாதிரியான ஒரு மின்கடத்துதிறன் மீற்றர் வாங்குங்கள். தண்ணீரில் உப்புக் கூடக் கூட அதன் எண் ஏறும். எல்லாச் சாமானிலும் பயன் கூடியது இதுதான் என்பேன். பக்கத்து வளவின் பழைய திறந்த கிணற்றுத் தண்ணீர் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன் காட்டியது. 10,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் தண்ணீரின் தடைத்திறன் வரும்: 12.5 ஓம்-மீற்றர். களி கலக்காத மணலில் அந்தத் தண்ணீர் நிரம்பினால், மணலின் தடைத்திறன் அதைப்போல நான்கைந்து மடங்கு, அதாவது 50 முதல் 60. கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன், அதாவது 0.2 ஓம்-மீற்றர். அது நிரம்பிய மணல் 1 ஓம்-மீற்றர் அளவில் நிற்கும்.

இப்போது என் வரிசையைத் திரும்பப் பாருங்கள். நல்ல தண்ணீர் மணல் 50க்குக் கீழே இறங்கக் கூடாது. 14 என்பதோ மேலே உள்ள காய்ந்த மணலையும் சேர்த்த கலவை எண். அப்படியென்றால் அடியில் உள்ளது அதைவிட இன்னும் குறைவு. நன்னீர், காய்ந்த மணலுக்கும் உப்புநீருக்கும் இடையில், ஏறத்தாழ 2 மீற்றரிலிருந்து 5 மீற்றர் ஆழம் வரை மெல்லிய படையாக மிதக்கிறது. எண்களை வரைபாகப் போட்டால் அதற்கென்று மேடோ பள்ளமோ தெரியாது, சரிவு சற்று மாறும், அவ்வளவுதான். நாங்கள் 40 அடி, அதாவது ஏறத்தாழ 12 மீற்றர், இறக்கி அந்தப் படையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

நன்னீர் கடல்நீரைவிட இலேசு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கலாம் என்பது பழைய கணக்கு. மெல்லிய மணல் திட்டில் அந்த 1 அடியே இருக்காது, கோடையில் இன்னும் இறங்கும். நம் கரையோரத்து முன்னோர் ஆழமில்லாத திறந்த கிணறு வெட்டியது இந்தப் படையை அறிந்துதான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே உங்கள் முதல் அளவீட்டைத் தெரிந்த கிணற்றுக்குப் பக்கத்தில் எடுங்கள், நீங்கள் தேடும் இடத்தில் அல்ல. நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, தண்ணீரைச் சோதித்து, அந்தக் கிணற்றுக்கு எண்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள்.

இடைவெளிக்கு எதிரே தடைத்திறனை, இரு அச்சும் மடக்கை (log) அளவில் உள்ள தாளில் வரைபாகப் போடுங்கள். கணினியில் படைகளைப் பிரிக்க ஐபிஐ2வின் (IPI2Win) என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, எனக்கு அது போதும். ஆனால் கையால் ஒரு தடவை போட்ட பிறகு அதைத் திறவுங்கள். மென்பொருள் ஒரே வளைகோட்டுக்குப் பல விடைகளை ஒரே நம்பிக்கையோடு தரும்.

கன்னியா பக்கம் அளப்பவர்களுக்கு

உள்ளே போகப்போகக் கதை வேறு. மேல்மண், உக்கிய பாறை, உறுதியான பாறை என்று எண்கள் உயர்ந்து, இறங்கி, மறுபடி ஏறும். தண்ணீர் அந்த நடுப் பள்ளத்திலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் இருக்கும். கடைசி ஏற்றம் மடக்கைத் தாளில் 45 பாகையைவிடச் செங்குத்தாக ஏறினால் அளவீட்டில் பிழை, அல்லது பக்கத்தில் பாறை நெளிகிறது. கோணேசர் மலை போன்ற குவாட்சைற்று என்ற கடும் பாறை முகடுகளுக்கு அருகில் இது நடக்கும். கம்பி நடும் கோட்டினை, அந்த முகட்டுக்கு இணையாகப் போடுங்கள். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளை அண்டி அளந்தால் வெப்பத்தையும் நினைவில் வையுங்கள். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் நீரின் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும்.

பின்சேர்க்கை: வாசகர் கேட்டவை

கிண்ணியா வாசகர் ஒருவர், மல்ரிமீற்றரை ஓம் நிலையில் வைத்து இரண்டு கம்பிகளால் அளந்தாராம், ஒவ்வொரு தடவையும் வேறு எண். இரண்டு கம்பியில் நீங்கள் அளப்பது பெரும்பாலும் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடுகைத் தடையை. நான்கு கம்பி வேண்டியது அதனால்தான்.

தம்பலகாமத்தில் வயற்கரையில் 9 ஓம்-மீற்றர், ஆனால் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு என்று இன்னொருவர் எழுதினார். அது களி. களி, நல்ல தண்ணீரிலும் மின்சாரத்தை இலகுவாகக் கடத்தும். மணலுக்குச் சொன்ன நான்கைந்து மடங்குக் கணக்கு அங்கே செல்லாது. மண்வெட்டியால் தோண்டி மண்ணை உருட்டிப் பாருங்கள், திரி மாதிரி வந்தால் களிதான்.

முட்கம்பி வேலிக்கு இணையாகக் கோடு போட்டவருக்கு எல்லா எண்ணும் குறைவாக வந்திருக்கிறது. வேலியிலிருந்து விலகுங்கள், முடியாவிட்டால் குறுக்காகப் போடுங்கள்.

மாமாவின் வளவில் புரட்டாதியில் சிமெந்து வளையம் இறக்கி 11 அடியில் திறந்த கிணறு வெட்டினோம். முதல் நாள் 850 மைக்ரோசீமன். பெரிய பம்பை வைத்து ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும் என்பதால், சிறிய பம்பில் காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும். இறைக்கத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மாமியே பேனா மீற்றரை வைத்து எழுதுகிறார். இரண்டு எண்ணுக்கும் இடையில் 100க்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த நாள் பம்பைப் போடுவதில்லை.