மழைக்குப் பயந்து சுற்றிய பிளாஸ்டிக்: தஞ்சாவூர் ஓவியத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் பட்டறையில் புதுப் பையன்கள் இருவர் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலடிக்கு மூன்றடி, ராமர் பட்டாபிஷேகம். தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 25 கிலோ இருக்கும். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிளாஸ்டிக் ஃபிலிமை நாலு சுற்று சுற்றிவிட்டு, ஐந்தாவது சுற்றுக்கு ரோலைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடா இத்தனை சுத்து?"

"மழை வர்ற மாதிரி இருக்குண்ணே."

நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவன்தான். நாலு சுற்றையும் பிரிக்கச் சொன்னேன். பிரித்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 'உடையும் பொருள்' என்று எழுதி ஒட்டுங்கள், லோடுமேனிடம் சொல்லிவிடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டுவது

தண்ணீர் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். தஞ்சாவூர் ஓவியத்தைப் பொறுத்தவரை பாதி நேரம் அது உள்ளேயே இருக்கிறது.

ஓவியத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அடியில் பலகை. அந்தக் காலத்தில் பலா மரம், இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன் மேல் ஒட்டிய துணி. துணி மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த பூச்சு. சிம்மாசனம், தோரணம், நகை இருக்கும் இடங்களில் அதே மாதிரிக் கலவையை மக்காகக் குழைத்து மேடாக எழுப்பியிருப்பார்கள். மக்கின் மேல்தான் கற்களும் 22 காரட் தங்க ரேக்கும். தங்கத்தை ஈரம் ஒன்றும் செய்யாது. அதைத் தாங்கி நிற்கும் பலகை, துணி, பசை மூன்றுமே ஈரத்தைக் குடிக்கிறவை. குடித்தால் பலகை உப்பும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அதோடு சேர்ந்து உப்பவும் தெரியாது, சுருங்கவும் தெரியாது. விரிசல் விடும், இல்லையென்றால் துணியை விட்டுக் கிளம்பும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு ஐப்பசி மாதம். சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில், வெளிச்சுவரில் மாட்டியிருந்த பெரிய வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை மதுரைக்கு அனுப்ப வேண்டும். நான் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கழற்றும்போதே சுவர் ஜில்லென்று இருந்தது, சுண்ணாம்பு கையோடு வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் யோசித்திருக்க வேண்டியது ஒன்று. யோசித்ததோ வேறு: 'அடடா, மழை பலமாக இருக்கிறதே, நன்றாகச் சுற்ற வேண்டும்.' பிளாஸ்டிக் ஃபிலிமை ஆறு சுற்று சுற்றினேன். ஓரமெல்லாம் டேப் போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று அந்த வீட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. போகாதுதான். உள்ளே இருந்ததும் வெளியே போக முடியாதபடி பூட்டிவிட்டேன்.

அதோடு விட்டேனா? பெட்டிக்கு அன்று காலையில் வந்திறங்கிய மாமர ரீப்பர் கட்டைகள். விலை மலிவு. அறுத்த வாசனைகூடப் போகவில்லை. பச்சை மரம் என்பது தண்ணீர்க் குடம் மாதிரி. மதுரையில் புது வீடு தயாராகவில்லை என்று பெட்டி 19 நாள் ஒரு கிடங்கில், தகரக் கூரைக்கு அடியில் கிடந்தது. பகலில் தகரம் காயும்போது பலகையிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்பும். ராத்திரி குளிரும்போது அது கண்ணாடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாக நிற்கும். மறுபடி காலை, மறுபடி ராத்திரி. 19 நாள் நான் அந்தக் கிருஷ்ணரை இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்திருக்கிறேன்.

பிரித்தபோது முதலில் வந்தது வாசனை. பூட்டிக் கிடந்த வீட்டின் மழைக்கால வாசனை. பின்பலகையில் சாம்பல் நிறத்தில் பூசணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. முன்னால் தோரண வளைவு ஒரு சாண் நீளத்துக்குப் புடைத்து, விரல் வைத்தால் பொதபொதவென்று அமுங்கியது. சட்டத்தின் அடியில் உதிர்ந்த கற்கள் வரிசையாகக் கிடந்தன, அரிசி சிந்திய மாதிரி.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "எங்க மாமியார் கொடுத்தது" என்று மட்டும் சொன்னார்கள். வளைவைச் செப்பனிட ஆன செலவு முழுவதும் என் கையிலிருந்து போனது. அந்த வருஷம் நான் சம்பாதித்ததில் பெரிய பங்கு அது. செப்பனிட்டவர் கைதேர்ந்தவர்தான். ஆனாலும் பழைய தங்கத்தின் பக்கத்தில் புதுத் தங்கம் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்கும் தெரிகிறது. அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

இப்போது நான் செய்வது இதுதான். சுவரிலிருந்து இறக்கியதும் இரண்டு மூன்று நாள், வெயில் படாத அறையில், பின்பக்கம் காற்றுப் படும்படி சாய்த்து வைக்கிறேன். ஹேர் டிரையர், வெயில், அடுப்படிச் சூடு எதுவும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தாலும் மக்கு வெடிக்கும். அப்புறம் பட்டர் பேப்பர், அதன் மேல் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி. கஞ்சி போட்டது கூடாது. அதன் மேல் அட்டை, மூலைகளுக்கு ஃபோம், பிறகு நன்றாகக் காய்ந்த பிளைவுட் பெட்டி. மழைக்கு வண்டியின் மேல் தார்ப்பாய். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே சுற்றுங்கள். அதையும் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும்.

"சிலிக்கா ஜெல் போட்டுட்டோம்ல?" என்று கேட்பார்கள். திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டால் அது ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருக்கும். நீலக் குருணை வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டதா, ஆரஞ்சுக் குருணை பச்சைக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அது பெட்டிக்குள் பாரம், அவ்வளவுதான். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பொட்டலத்தை நாலடிப் பெட்டிக்குள் போடுவது, வெள்ளத்துக்கு உறிஞ்சுதாள் வைப்பது.

வந்ததும் வராததுமாகப் பிரிப்பது

இதுவும் ஈரத்தின் தம்பிதான். குளிர்பதன வண்டியிலோ விமானத்திலோ வந்த பெட்டி உள்ளே ஜில்லென்று இருக்கும். அதைக் கடலோர ஊரின் புழுக்கத்தில் உடனே திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வேர்ப்பதுபோல் ஓவியத்துக்கும் வேர்க்கும். பெட்டியை அறைக்குள் வைத்து 24 மணி நேரம் சும்மா விட்டுவிடுங்கள். அருங்காட்சியகங்களிலும் இதுதான் வழக்கம். கிரகப்பிரவேசத்துக்கு அன்று காலையில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்கிறவர்களிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முந்தைய நாளாவது வந்து சேரும்படி இருந்தால் அனுப்புகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

படுக்க வைப்பது

கூடாது. நிற்க வைத்து, வண்டி போகும் திசைக்கு இணையாக, அசையாமல் கட்டுங்கள்.

கண்ணாடியை மறப்பது

கண்ணாடி உடைவது பெரிய நஷ்டமில்லை. உடைந்த சில்லு உள்ளே உருண்டு உருண்டு தங்கத்தைக் கீறுவதுதான் நஷ்டம். மாஸ்கிங் டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டிவிட்டால் உடைந்தாலும் சில்லு அங்கேயே நிற்கும். டேப் சட்டத்தின் மேல் ஏறக் கூடாது, பாலிஷோடு பெயர்ந்து வரும். போய்ச் சேர்ந்ததும் உரித்துவிடுங்கள். ஒரு மாதம் விட்டால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், பசை கண்ணாடியிலேயே குடியேறிவிடும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டிருந்தால் டேப்பே வேண்டாம். உடைந்து சிதறும் பயம் அதற்கு இல்லை, பசைதான் கறையாக நிற்கும்.

சுத்தியல்

பெட்டியை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். ஆணிக்கு விழும் ஒவ்வொரு அடியும் மக்குக்கும் விழுகிறது.

கெட்டியான ஃபோம்

கெட்டியாக இருந்தால் பத்திரம் என்று ஒரு எண்ணம். ஃபோம் அமுங்கினால்தான் அதிர்ச்சியை வாங்கும். ஓவியத்தின் கனத்துக்கு அது கொஞ்சமும் அமுங்கவில்லையென்றால் நீங்கள் வைத்திருப்பது மரக்கட்டை. ஒரேயடியாக அமுங்கித் தரையோடு ஒட்டிப் போனாலும் பயனில்லை. கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை ஓவியத்தை ஃபோம் மேல் நிறுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். தெர்மாகோல் மணிகளை ஓவியத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கற்களின் இடுக்கில் புகுந்து ஒட்டிக்கொண்டு, எடுக்கப் போனால் கல்லையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரும்.

சிலையைக் கையைப் பிடித்துத் தூக்குவது

ஓவியம் கட்டுகிறவனிடம் சுவாமிமலைச் சிலையும் வந்து சேரும். அங்கே வார்ப்பது பெரும்பாலும் உள்ளே கூடில்லாத கெட்டி வார்ப்பு. ஒன்றரை அடி நடராஜரைப் பார்த்து ஒரு ஆள் போதும் என்று குனிந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தூக்க வாகாக இருக்கிறதென்று வீசிய கையையும் தூக்கிய திருவடியையும் பிடிப்பார்கள். பீடத்தில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். சிலையைச் சுற்றி நிற்கும் வளைவான திருவாசி கழலுமென்றால் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கையுறை போடுங்கள், வியர்வையின் உப்பு உலோகத்தில் விரல் ரேகையாகவே பதிந்துவிடும்.

வாசல்

பெட்டிக்கு அளவு எடுத்தவன் லிஃப்டுக்கும் எடுத்திருக்க வேண்டும்.

பெட்டி முதலில், காகிதம் அப்புறம்

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அழகாகப் பெட்டி அடித்துவிட்டு என்னிடம் வந்து, இனி என்ன காகிதம் வேண்டும் என்பார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வயதைத் தாண்டிய ஓவியமோ சிலையோ தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, பாட்டி வீட்டுச் சொத்தாக இருந்தாலும் சரி. வயது குறைவானது என்றாலும், பார்க்கப் பழையதாகத் தெரிந்தால் 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பொருளைக் காட்ட வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் போட்டு முடித்த பெட்டியைத் திரும்பத் திறந்த அனுபவம் எனக்கு இரண்டு தடவை உண்டு.

பெட்டி மரத்துக்கும் விதி இருக்கிறது. பிளைவுட் மாதிரி ஒட்டிச் செய்ததில்லாமல் சும்மா அறுத்த மரமென்றால், பொதுவாக அதன் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். மரத்தோடு பூச்சி நாடு கடந்து போகக் கூடாது என்பதற்காக. பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் இரண்டு சாதா ரீப்பர் அடித்தால் அந்த இரண்டுக்கும் முத்திரை கேட்பார்கள்.

எண்ணாமல் கட்டுவது

கட்டுவதற்கு முன் போட்டோ எடுக்கச் சொன்னால் எல்லாரும் நேரே நின்று ஒன்று எடுப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய சட்டத்தோடு ஒட்டி வைத்து அடியுங்கள். எங்கே மக்கு கிளம்பியிருக்கிறதோ அங்கே நிழல் விழும். அதைப் படம் பிடியுங்கள். ஏற்கெனவே கல் விழுந்துபோன குழிகளை எண்ணி எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'இது முன்னாடி இப்படி இல்லையே' என்ற வாக்கியத்தைக் கேட்ட பிறகு எடுக்கும் போட்டோவால் உபயோகமில்லை.

பிரிக்கும்போது வேலை கொஞ்சம் மாறுகிறது. கீழே வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பிரிக்கிறோம். பட்டர் பேப்பரையும் வேட்டித் துணியையும் யாரும் உடனே குப்பையில் போடக் கூடாது. ஒவ்வொரு மடிப்பாக உதறிப் பார்க்க வேண்டும். போன மாதம் அப்படி உதறியதில் அரிசி மணி அளவுக்கு ஒரு சிவப்புக் கல் விழுந்தது. அது வேறொரு ராமர் ஓவியம், அவர் கிரீடத்தின் வலப்பக்கத்துக் கல். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில் போட்டு, மேலே 'கிரீடம், வலது' என்று எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். கல் விழுந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.